இயற்கையின் அற்புதங்கள் கடவுளைக் காட்டுகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன். குளிர்காலத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பறவை பார்க்கக் கூட்டிப்போவதும் உண்டு. ஒரு கூட்டம் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்த கையோடு யாராவது ஒருவர் "கடவுள் இல்லாம இதெல்லாம் நடக்குமா சார்?" என்பார், பக்கத்திலேயே இன்னொருவர் "இதுக்கும் கடவுளுக்கும் என்ன சம்பந்தம்?" என்பார், பேச்சு பேருந்து ஏறும் வரை நீளும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் கடவுளுக்காகச் சொல்லப்படும் எல்லா வாதத்தையும் நான் ஏற்பதில்லை, சிலவற்றைக் கேட்டால் வருத்தமாகவே இருக்கும்.

இவ்வளவு அழகான உலகம் தானா வந்திருக்குமா சார்? யாரோ ஒருத்தர் படைச்சிருக்கணும் இல்லையா?

இந்த எண்ணம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. குடத்தைப் பார்த்தால் குயவன் இருந்தான் என்று தெரிகிறது, அதுபோல உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்று நியாயம் என்ற இந்தியத் தத்துவ மரபினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். தமிழில் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே இதுதான்: அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, ஆகவே அதை ஒடுக்கி மீண்டும் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்கிறார். வானங்கள் தேவனுடைய மகிமையைச் சொல்கின்றன என்கிறது பைபிளின் சங்கீதம். இரவும் பகலும் மாறி மாறி வருவதில் சிந்திப்போருக்கு அத்தாட்சி உண்டு என்கிறது குர்ஆன்.

இத்தனை மரபுகளில் ஒரே உணர்வு வந்திருக்கிறது என்றால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் உணர்வு வருவது வேறு, அது நிரூபணமாவது வேறு. கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை.

கடிகாரம் இருந்தா அதைச் செஞ்சவன் இருக்கணும். உலகம் கடிகாரத்தைவிட நுட்பமானது. இதுல என்ன தப்பு?

இதை 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிப் புகழ்பெறச் செய்தார். தரிசு நிலத்தில் ஒரு கடிகாரம் கிடந்தால் அது தானாக அங்கே உருவானது என்று யாரும் சொல்ல மாட்டோம், ஒரு செடியோ பறவையோ அதைவிட நுட்பமாயிற்றே என்று கேட்டார். சுவாரஸ்யம் என்னவென்றால் இதற்கான மறுப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவஞானி எழுதி, அவர் இறந்தபிறகு 1779இல் வெளியான நூலில் இருக்கிறது. கடிகாரம் செய்யப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம், அதனால்தான் கடிகாரத்தைக் கண்டதும் செய்தவனை நினைக்கிறோம். உலகம் செய்யப்படுவதை யார் பார்த்தது? ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு உலகமும் இல்லை. அப்புறம், கடிகாரம் குட்டி போடாது. உயிர்கள் போடுகின்றன, குட்டிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறிப் பிறக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு எவ்வளவு பெரியது என்று அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

குயவன் உதாரணத்திலும் இதே சிக்கல் உண்டு. குயவன் ஏற்கெனவே இருக்கும் மண்ணைத்தான் குடமாக்குகிறான். சைவ சித்தாந்தம் இதை மறைக்காமல் ஏற்றுக்கொள்கிறது: மண்ணின் இடத்தில் மாயை என்ற மூலப்பொருள், சக்கரத்தின் இடத்தில் சக்தி, குயவனின் இடத்தில் இறைவன் என்று மூன்று காரணம் சொல்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்த கடவுளை நம்புகிறவருக்கு இந்த உதாரணம் பாதி தூரம்தான் கூட வரும்.

கண்ணை எடுத்துக்குங்க. அவ்வளவு நுட்பமான உறுப்பு கொஞ்சம் கொஞ்சமா எப்படி வரும்? பாதிக் கண்ணை வெச்சு என்ன பண்றது?

பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு இன்றைக்கும் எத்தனையோ உயிர்கள் நன்றாக வாழ்கின்றன. பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கு ஒளியை உணரும் செல்கள் ஒரு சின்னக் குழியில் இருக்கின்றன. வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான், அது போதும். நாட்டிலஸ் என்ற கடல் உயிரிக்குக் கண் இருக்கிறது, லென்ஸ் இல்லை, ஊசித்துளை கேமரா மாதிரி மங்கலான பிம்பம் விழும். அதுவும் குருட்டுத்தனத்தைவிட மேல். தட்டையான ஒளியுணர் தோலிலிருந்து லென்ஸ் உள்ள கண் வருவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று நில்சன், பெல்கர் என்ற இரு சுவீடன் ஆய்வாளர்கள் 1994இல் கணக்கிட்டார்கள். வேண்டுமென்றே மெதுவாக வைத்துக் கணக்கிட்டும் நான்கு லட்சம் தலைமுறைக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் சின்ன உயிருக்கு அது புவியின் வரலாற்றில் ஒரு இமைப்பொழுது.

இன்னொன்றை நீங்களே செய்து பாருங்கள். வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை முகத்தை நோக்கி மெல்லக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். நம் விழித்திரையில் நரம்புகள் ஒளியுணர் செல்களுக்கு முன்பக்கமாக ஓடி, ஓர் இடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன, அந்த இடத்தில் பார்வை கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் நரம்புகள் பின்பக்கமாகவே போகின்றன, அதற்கு இந்தக் குருட்டுப்புள்ளி இல்லை. கண்ணை நேரடியாக வரைந்து செய்த ஒருவர் உண்டு என்று வாதிட்டால், ஆக்டோபஸுக்குச் செய்ததை நமக்கு ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். வழிவழியாக வந்த உடல் என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது.

அப்ப பரிணாமத்தை ஒத்துக்கிட்டா கடவுளை விட்டுடணுமா?

இல்லை. டார்வினின் நூல் 1859இல் வந்தபோது அமெரிக்காவில் அதற்காக முதலில் வாதாடியவர்களில் ஒருவர் ஏசா கிரே, தாவரவியலாளர், உறுதியான கிறிஸ்தவர். 20ஆம் நூற்றாண்டில் பரிணாமவியலை மரபியலோடு இணைத்தவர்களில் முக்கியமான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி மத நம்பிக்கை உள்ளவர். 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். இவர்கள் யாரும் அறிவியலில் கைவைக்கவில்லை, கடவுளையும் விடவில்லை. விட வேண்டியது, ஒவ்வொரு உயிரையும் கடவுள் தனித்தனியாகச் செய்து வைத்தார் என்ற ஒரு குறிப்பிட்ட சித்திரத்தை மட்டும்தான்.

குப்பைமேட்டுல புயல் அடிச்சா விமானம் உருவாகுமா? எல்லாம் தற்செயல்னு சொல்றது அப்படித்தானே?

புயலில் விமானம் உருவாகாது, சரி. ஆனால் இயற்கைத் தேர்வு புயல் மாதிரி வேலை செய்வதில்லை. மாற்றங்கள் தற்செயலாக வருகின்றன, எது தங்குவது என்பது தற்செயல் இல்லை. உதவியது தங்குகிறது, அதன் மேல் அடுத்தது சேர்கிறது. கண்ணைப் பற்றி மேலே சொன்னது முழுக்க இந்தச் சேர்மானம்தான்.

முதல் உயிர் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் இன்னும் முழுப் பதில் கிடையாது. 1953இல் ஸ்டான்லி மில்லர், ஹரால்டு யூரியின் ஆய்வுக்கூடத்தில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவியை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை எடுத்துக்காட்டினார். 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. செங்கல் எளிதாகக் கிடைக்கிறது, வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதுதான் புரியவில்லை. புரியாத இந்த இடத்தில் உடனே கடவுளைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள், ஏன் என்று அடுத்த பதிலில்.

விஞ்ஞானத்தால விளக்க முடியாதது எவ்வளவோ இருக்கே சார். அங்கதானே கடவுள் இருக்கார்?

இந்த வாதத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன், அதுவும் நம்பிக்கை உள்ளவன் என்ற முறையில். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் அவற்றின் பாதை காலப்போக்கில் குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும் என்று நியூட்டன் நினைத்தார். நூறு ஆண்டுக்குள் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் அந்தக் குலைவுகளில் பெரும்பாலானவை நீண்டகாலத்தில் தாமே ஈடாகிவிடுகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த இடத்தில் வைக்கப்பட்ட கடவுளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. தெரியாத இடத்தில் கடவுளைக் குடிவைத்தால், தெரியவரும் ஒவ்வொரு முறையும் அவரை வீடு மாற்ற வேண்டும். இது பக்திக்கு அழகில்லை.

கோடியக்கரைக்கு வரும் பட்டைவால் மூக்கனைப் பாருங்கள். 2022 அக்டோபரில் அந்த இனத்தின் ஓர் இளம்பறவை, பிறந்து ஏறக்குறைய ஐந்தே மாதம் ஆனது, அலாஸ்காவிலிருந்து கிளம்பி எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது, உடலில் பொருத்திய கருவி வழியாக இது பதிவாகியிருக்கிறது. கிளம்புமுன் இந்தப் பறவைகள் தின்று தின்று கொழுப்பேற்றிக்கொள்கின்றன, இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுகின்றன, பறக்கும்போது அந்த எடை எதற்கு? வழி காட்டுவதில் சூரியன், விண்மீன், புவிக் காந்தப்புலம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு என்று தெரிகிறது, கண்ணில் உள்ள ஒரு புரதம் காந்தப்புலத்தை உணர உதவுகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. நாளைக்கு இது முழுசாகப் புரிந்துவிட்டால் உங்கள் வியப்பு குறைந்துவிடுமா? எனக்கு ஒவ்வொரு விவரமும் தெரியத் தெரியக் கூடிக்கொண்டுதான் போகிறது. கடவுளைத் தேடுவதென்றால் தெரிந்த இடத்தில் தேடுங்கள்.

சூரியகாந்தி, சங்கு, எல்லாத்துலயும் ஒரே கணக்கு வருதாமே, தங்க விகிதம். அது கடவுளோட கையெழுத்துதானே?

சூரியகாந்தியில் வருவது உண்மை. பூவின் நடுவட்டத்தில் சுருள்களை இடமாகவும் வலமாகவும் எண்ணினால் பெரும்பாலும் 34, 55 அல்லது 55, 89 என்று ஃபிபனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை; அடுத்தடுத்த இரண்டை வகுத்தால் தங்க விகிதமான 1.618ஐ நெருங்கும்) வரும். 1992இல் டூவாடி, கூடே என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள், காந்தத் தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு தட்டின் நடுவில் விட்டார்கள், சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விளிம்புக்கு நகர்ந்தபோது அதே சுருள் வந்தது. உயிரே இல்லாத சொட்டுகள்! ஒவ்வொரு புதிய மொட்டும் கிடைக்கிற இடத்தில் நெருக்கடி குறைவான பக்கம் உட்கார்ந்தால் போதும், கணக்கு தானாக வந்துவிடும். நாட்டிலஸ் சங்கில் தங்க விகிதம் என்று வரும் படங்கள் பெரும்பாலும் தவறு, அதன் சுருள் வேறு அளவில் விரிகிறது.

கையெழுத்து என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. திரவச் சொட்டும் பூவும் ஒரே கணக்குக்குக் கட்டுப்படுகிற மாதிரி ஒரு உலகம் இருக்கிறது, அந்தக் கணக்கு நம் மூளைக்குப் புரியவும் செய்கிறது. இதைப் பிறகு பேசுகிறேன்.

சூரியன் 'ஓம்'னு சத்தம் போடுதுன்னு நாசாவே சொல்லிடுச்சாமே? தக்காளிக்குள்ள சாமி பேர் வந்த வீடியோ பார்த்தீங்களா?

சூரியனின் மேற்பரப்பு அதிர்வது உண்மை, அந்த அதிர்வு காதுக்குக் கேட்காது, இடையில் வெற்றிடம். விஞ்ஞானிகள் அந்தத் தரவைப் பல ஆயிரம் மடங்கு வேகப்படுத்தி ஒலியாக மாற்றினார்கள், கேட்டால் ஒரு ரீங்காரம், யாருக்கு எது பழக்கமோ அது கேட்கும். ஓம் என்று நாசா சொல்லவில்லை. தக்காளி, கத்தரிக்காய், மேகம் எதிலும் நம் கண் பழகிய வடிவத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும், எல்லா மதத்தாருக்கும் இது நடக்கிறது. தயவுசெய்து பகிராதீர்கள். கடவுள் பெயரில் பொய்யைப் பரப்புவதை எந்த மதமும் புண்ணியம் என்று சொல்லவில்லை.

அத்திப்பழத்துக்குள்ள குளவி இருக்குங்கிறாங்களே? ஒண்ணுக்கு ஒண்ணு இவ்வளவு பொருந்தி வர்றது யாராவது திட்டம் போடாம முடியுமா?

அத்தி, ஆல், அரசு எல்லாம் ஒரே குடும்பம், நாம் பழம் என்று சொல்வது உள்ளுக்குள் திரும்பிய பூங்கொத்து. ஒரு பிஞ்சு அத்தியை நடுவில் கீறி லென்ஸ் வைத்துப் பாருங்கள், சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள். நுனியில் செதில் செதிலாக மூடிய ஒரு வாய், ஊசி நுழைவதே கஷ்டம். கொசுவைவிடச் சிறிய பெண்குளவி அதற்குள் தன்னைத் திணித்துக்கொண்டு நுழைகிறது, அந்த நெருக்கடியில் சிறகு பிய்ந்துவிடும், உணர்கொம்பும் உடையும், இனி வெளியே வர முடியாது. கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே சாகிறது. பிறகு ஆண்குளவிகள் முதலில் பொரிந்து வருகின்றன, சிறகே கிடையாது. இன்னும் பூவுக்குள் அடைந்திருக்கும் பெண்களோடு சேர்ந்துவிட்டு, பழச்சுவரைக் கடித்து வழி செய்துவிட்டு முடிந்துபோகின்றன. பெண்குளவிகள் மகரந்தத்தோடு அந்த வழியே பறந்து வேறு மரம் தேடுகின்றன, ஆயுள் ஓரிரு நாள். உலகில் 750க்கு மேற்பட்ட அத்தி இனங்கள், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி.

திட்டம் போட்டது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரண்டும் ஒன்றை ஒன்று செதுக்கிவந்தால் இப்படிப் பொருந்தும், அதற்கான தடயங்கள் மரபணுக்களில் இருக்கின்றன. இன்னொரு விஷயம், அதே பிஞ்சுக்குள் வேறு சில குளவிகளும் இருக்கும், மகரந்தம் சேர்க்காமல் வெளியிலிருந்தே நீண்ட ஊசியைக் குத்தி முட்டையிட்டு, முறையாக வந்த குளவியின் குஞ்சுக்குக் கிடைக்க வேண்டியதைத் தின்றுவிடும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பது பழமொழி. பொருத்தத்தைக் கடவுளின் கணக்கில் எழுதினால் திருட்டுக் குளவியை யார் கணக்கில் எழுதுவது?

அதைத்தான் நானும் கேக்குறேன். பறவையும் பூவும் கடவுள்னா, சுனாமியும் குழந்தைக்கு வர்ற புற்றுநோயும் யாரு?

இந்தப் பக்கத்தில் இதுதான் மிகக் கடினமான கேள்வி, இதற்கு என்னிடம் ஆறுதலான பதில் இல்லை. டார்வின் 1860இல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலுக்குள் தன் குஞ்சை வளர்க்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஒரு நல்ல கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முன்பே நம் பக்குடுக்கை நன்கணியார் புறநானூற்றில் கேட்டுவிட்டார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் விடுகிறாள், இப்படி ஓர் உலகைப் "படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்" என்று படைத்தவனையே பண்பில்லாதவன் என்று சொல்லிவிட்டார். பிச்சையெடுத்துத்தான் சிலர் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவரும் சபித்திருக்கிறார். கோபப்படுவது பாவம் என்று யாராவது சொன்னால் இவர்களைக் காட்டுங்கள்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களும் அதில் உண்டு. புவித்தட்டுகள் நகர்வதால்தான் மலை எழுகிறது, கார்பன் பூமிக்குள் போய்த் திரும்பி வெப்பநிலை சீராக இருக்கிறது, அதே நகர்வுதான் சுனாமியையும் கொண்டுவந்தது என்று வகுப்பில் சொல்வேன், அது சரியான அறிவியல். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொல்ல மாட்டேன். அதைவிட மோசம், "கடவுளுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்று சொல்வது.

என் முடிவு இது: இயற்கையை மட்டும் வைத்துக்கொண்டு கடவுள் நல்லவர் என்று சொல்ல முடியாது. பறவையைச் சாட்சிக்கு அழைத்தால் குளவியையும் அழைத்தாக வேண்டும். கடவுள் கருணையுள்ளவர் என்று நான் நம்புகிறேன், அந்த நம்பிக்கை எனக்கு மனிதர்களிடமிருந்தும் வழிபாட்டிலிருந்தும் வந்தது, காட்டிலிருந்து வரவில்லை.

பிரபஞ்சத்தோட எண்கள் கொஞ்சம் மாறியிருந்தாலும் நாம இருந்திருக்க மாட்டோமாமே. இதுவாவது வலுவான ஆதாரம் இல்லையா?

இருக்கிற வாதங்களில் நான் மதிப்பது இதைத்தான், காரணம் இது தெரியாமையில் நிற்கவில்லை, தெரிந்ததில் நிற்கிறது. நல்ல உதாரணம் கார்பன். விண்மீன்களுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பன் ஆக வேண்டும், சாதாரணமாகப் பார்த்தால் அது மிக அரிதாகத்தான் நடக்கும். 1953இல் ஃபிரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய வானியற்பியலாளர், கார்பன் கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல்நிலை, ஏறக்குறைய 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கார்பன் உலகில் இருக்க வழியில்லை என்றார். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுக்கூடத்தில் தேடிப் பார்த்தார்கள், இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாத ஹாயிலே பிற்காலத்தில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்த மாதிரி தெரிகிறது என்று எழுதினார்.

மறுப்புகளும் கனமானவை. எண்கள் வேறாக இருந்திருந்தால் இதைக் கேட்க நாம் இருந்திருக்க மாட்டோம், இருப்பதால்தான் பொருத்தமான எண்களைப் பார்க்கிறோம். எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருந்தால் ஒன்றில் இப்படி அமைவதில் ஆச்சரியமில்லை (அவை இருப்பதற்கான நேரடிச் சான்று கிடைக்கவில்லை என்பதும் உண்மை). எண்கள் எந்த அளவு மாறியிருக்க முடியும் என்றே தெரியாதபோது இது அரிது என்று எப்படிக் கணக்கிடுவது? எந்த எண் எவ்வளவு மாறினால் எது கெடும் என்பதில் இயற்பியலாளர்களுக்குள்ளேயே வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆகவே இது நம்புகிறவருக்கு நியாயமான துணை, நம்பாதவரை மடக்கும் ஆயுதம் ஆகாது.

பிக் பேங் நடந்துச்சுன்னா உலகத்துக்கு ஆரம்பம் இருக்குன்னுதானே அர்த்தம்? அதுவே படைப்பு இல்லையா?

பிரபஞ்சம் விரிகிறது, அது ஒரு சிறு புள்ளி போன்ற நிலையிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை 1927, 1931 ஆண்டுகளில் முன்வைத்தவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், நவீன அறிவியல் படைப்பை உறுதிசெய்துவிட்டது என்ற தொனியில் பேசியபோது வருந்தியவரும் அவர்தான். தன் கோட்பாடு மத விவாதத்துக்கு வெளியே நிற்பது என்பது அவர் நிலை. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகச் சூடான, அடர்ந்த நிலை இருந்தது என்பதற்குச் சான்று உண்டு, அதற்கு முன் என்ன என்பது திறந்த கேள்வி. ஒரு பாதிரியாரே காட்டிய நிதானத்தை நாமும் காட்டலாம்.

கடவுள் உலகத்தைப் படைச்சார்னா, கடவுளைப் படைச்சது யார்?

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பது, சரியான கேள்வி. "நுட்பமானது எல்லாவற்றுக்கும் செய்தவன் வேண்டும்" என்று வாதிட்டால் இந்தக் கேள்வி அந்த வாதத்தை முறித்துவிடும், ஏனென்றால் கடவுள் உலகத்தைவிட நுட்பமானவராக இருக்க வேண்டும். இதனால்தான் கடிகார வாதத்தை நான் விட்டுவிட்டேன்.

வேறு மாதிரி கேட்டால் முறியாது. தோன்றி மறைவது ஒவ்வொன்றும் வேறொன்றைச் சார்ந்து நிற்கிறது, எதையும் சாராமல் நிற்பது ஒன்றாவது வேண்டாமா என்று கேட்பது அது. மெய்கண்டாரின் சூத்திரம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்தச் சாராத ஒன்று பிரபஞ்சமாகவே, அதன் விதிகளாகவே ஏன் இருக்கக் கூடாது என்று நாத்திகர் கேட்பார், அந்த இடத்தில் இருவருமே ஓர் இடத்தில் "இதற்கு மேல் காரணம் இல்லை" என்று நிற்கிறோம். எங்கே நிற்பது என்பதில்தான் வேறுபாடு.

சரி, ஒருத்தர் இருக்கார்னே வெச்சுக்குவோம். அது எந்தச் சாமி?

இயற்கை பெயர் சொல்வதில்லை. இதே காடு மலையைப் பார்த்த சமணர்கள் படைத்த கடவுள் என்று யாரும் இல்லை, வினைதான் என்றார்கள், பௌத்தர்களும் படைப்பாளியை ஏற்கவில்லை, அவர்கள் யாரும் வியப்பில்லாதவர்கள் இல்லை. ஐன்ஸ்டைன் கடவுளை நம்பினார் என்று மேடையில் சொல்கிறவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். உலகின் ஒழுங்கில் வெளிப்படும், தத்துவஞானி ஸ்பினோசா சொன்ன கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயலிலும் அக்கறைகொள்ளும் கடவுளை நம்பவில்லை என்று 1929இல் தெளிவாகவே சொன்னார்.

பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினாங்களே, அது போதாதா?

போதாது, எதிர்ப்பக்கமும் பெரிய பெயர்கள் உண்டு. நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தே இருவர். ராமானுஜன் தன் கணிதத்தை நாமக்கல் நாமகிரித் தாயார் தந்தது என்றார். 1983இல் நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் தன்னை நாத்திகன் என்றே சொல்லிக்கொண்டவர். ஆனால் கருந்துளைகளுக்கு ராய் கெர் என்ற கணிதவியலாளர் கண்ட கணிதத் தீர்வு இயற்கையில் உள்ள எண்ணற்ற கருந்துளைகளுக்கு அப்படியே பொருந்துகிறது என்று உணர்ந்தபோது, அந்த அழகின் முன் தான் நடுங்கியதாக எழுதியிருக்கிறார். நாத்திகருக்கு வியக்கத் தெரியாது என்று கோயில் சொற்பொழிவுகளில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும்.

இவ்வளவு வாதத்தையும் நீங்களே உடைச்சுட்டீங்க. அப்புறம் ஏன் சார் நம்புறீங்க?

வியப்பை நான் உடைக்கவில்லை. சூரியகாந்திக் கேள்வியில் பிறகு பேசுகிறேன் என்றது இதைத்தான்: ஒழுங்கே இல்லாத ஒரு கூளமாக உலகம் இருந்திருக்கலாம், இல்லை. ஒழுங்கு இருந்தும் நமக்குப் புரியாமல் இருந்திருக்கலாம், அதுவும் இல்லை. சவன்னாப் புல்வெளியில் பழம் பொறுக்கிப் பிழைக்கப் பழகிய ஒரு மூளைக்குக் கார்பன் கருவின் ஆற்றல்நிலையை முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. அறிவியல் இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் விளக்குகிறது. ஒழுங்கு ஏன் இருக்கிறது என்று அதனிடம் கேட்டால், அது தன் வேலை இல்லை என்று நேர்மையாகச் சொல்லும். அந்த இடத்தில் எனக்கு, இதற்குப் பின்னால் ஒரு மனம் இருக்கிறது என்று நினைப்பது, எதுவுமில்லை என்று நினைப்பதைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

இதுவும் இன்னொரு தெரியாத இடம்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். விதிகளுக்குள் உள்ள ஓட்டையை அடுத்த கண்டுபிடிப்பு அடைத்துவிடும். விதிகள் இருப்பதே ஏன் என்பதை இன்னொரு விதியைச் சொல்லி அடைக்க முடியாது, அந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேள்வி ஒரு படி மேலே போய் நிற்கும். இது நிரூபணம் இல்லை. "விதிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்" என்று என் சக ஆசிரியர் ஒருவர் சொல்வார், அவர் சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் பார்ப்பது ஒரே உலகம்.

என் பையன் இதெல்லாம் படிச்சுட்டுக் கோயிலுக்கே வரமாட்டேங்கிறான். அவனுக்கு எதைக் காட்டி நிரூபிக்கிறது?

எதையும் காட்டி நிரூபிக்கப் பார்க்காதீர்கள். கண், கடிகாரம், தங்க விகிதம் என்று நீங்கள் தொடங்கினால் அவன் கைப்பேசியில் மூன்று நிமிடத்தில் மறுப்பைக் காட்டிவிடுவான், அதோடு நீங்கள் நம்புவது எல்லாமே இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடுவான். நீங்கள் உண்மையில் ஏன் நம்புகிறீர்களோ அதைச் சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோரைக் கேட்டால் அது சூரியகாந்தியாக இருக்காது. அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டு, ஒரு மோசமான ஆண்டில் கைகொடுத்த மனிதர்கள், சன்னிதியில் கிடைத்த அமைதி, இப்படி ஏதாவது இருக்கும். அதை அவன் மறுக்க முடியாது, ஏற்கவும் வேண்டியதில்லை. அவன் படிப்பதை நீங்களும் படியுங்கள், சுனாமிக் கேள்வியை அவன் கேட்டால் பதில் தெரியாது என்று சொல்லுங்கள். கோயிலுக்கு வராத வெள்ளிக்கிழமைக்காக வீட்டில் சண்டை வேண்டாம்.